அறியாமையின் சாட்சியம்

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒரு கணித ஒலிம்பியாட் தேர்வில், 14, 15 வயது மாணவர்களுக்கென்று அமைந்த வினாத்தாளில், மொத்தம் 25 கேள்விகளுள் 24-ஆவதாக, ஒரு பெண்ணின் பிறந்த நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சிறிய புதிர் ஒன்று இடம்பெற்றிருந்தது. அவ்வூர்த் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் அதை முகநூலில் எடுத்து வெளியிட, ஓரிரு நாட்களுக்குள் அது லண்டனிலும் நியூயார்க்கிலும் பத்திரிகைச் செய்தியாகி, கணிதத்தோடு பள்ளிக்கூடத்திலேயே உறவை முறித்துக்கொண்டவர்களைக்கூடக் காகிதமும் பென்சிலுமாக உட்கார வைத்துவிட்டது. எல்லோரும் விடையைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ, விடையைக் காட்டிலும் அதனிடம் நம்மை அழைத்துச் செல்லும் வழி மிகப் பெரிய விஷயமாகத் தோன்றியது; இன்றும் தோன்றுகிறது. ஏனெனில் அந்தப் புதிரில் வருகிற இரண்டு இளைஞர்களும் தாம் அறிந்ததில் ஒரு துளியையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. தமக்கு எது தெரியாது, மற்றவனுக்கு எது தெரியாது என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் முடிவில் இருவருமே அறிந்தவர்களாக எழுந்து போகிறார்கள்.

புதிர் இதுதான். ஆல்பர்ட், பெர்னார்ட் என்ற இருவர் ஷெரில் என்ற பெண்ணோடு புதிதாக நட்புக் கொள்கிறார்கள். அவளுடைய பிறந்த நாள் எது என்று அவர்கள் கேட்க, அவள் பத்து நாட்களைக் குறித்துக் கொடுத்து, இவற்றுள் ஒன்று என்கிறாள்: மே மாதத்தில் 15, 16, 19; ஜூனில் 17, 18; ஜூலையில் 14, 16; ஆகஸ்டில் 14, 15, 17. பிறகு ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்ட்டிடம் தேதியை மட்டும் தனித்தனியே சொல்லிவிடுகிறாள். ஆல்பர்ட் சொல்கிறான்: "ஷெரிலின் பிறந்த நாள் எனக்குத் தெரியாது, ஆனால் பெர்னார்ட்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்." பெர்னார்ட் சொல்கிறான்: "முதலில் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது." ஆல்பர்ட் முடிக்கிறான்: "அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது." சம்பாஷணை அவ்வளவே.

இந்த மூன்று வாக்கியங்களில் மாதத்தின் பெயரும் இல்லை, தேதியின் எண்ணும் இல்லை. ஆயினும் முதல் வாக்கியத்தின் பிற்பகுதியில் சற்று நின்று பார்த்தால் அதற்குள் இருக்கும் கனம் தெரியவரும். பெர்னார்ட் தன் எண்ணைக் கொண்டே பிறந்த நாளை அறிந்துவிடக்கூடிய சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு: 18 என்ற எண் ஜூனில் மட்டுமே வருகிறது, 19 மே மாதத்தில் மட்டுமே வருகிறது. ஆல்பர்ட்டிடம் சொல்லப்பட்ட மாதம் மேயாகவோ ஜூனாகவோ இருந்திருக்குமானால், பெர்னார்ட்டின் எண் 19 ஆக இருக்குமோ, 18 ஆக இருக்குமோ என்ற ஐயம் அவனுக்கு இருந்தே தீரும். பெர்னார்ட்டுக்குத் தெரியாது என்று அவன் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. சொல்லிவிட்டான். ஆகவே மாதம் மேயும் அன்று, ஜூனும் அன்று; ஒரே மூச்சில் ஐந்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. எஞ்சியவை ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதே வழியில் எண்ணிப் பார்த்த பெர்னார்ட் தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறான். அவனிடம் இருந்த எண் 14 ஆக இருந்தால் ஜூலையா ஆகஸ்டா என்ற தத்தளிப்பு நீங்கியிராது. ஆகவே 14 அன்று. அடுத்து ஆல்பர்ட்டும் தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறான். அவனிடம் ஆகஸ்ட் இருந்திருந்தால் 15, 17 என்ற இரண்டுக்கும் இடையே அவன் இன்னும் நின்றுகொண்டிருப்பான். ஆகவே ஜூலை 16.

போட்டியை நடத்தியவர்கள் அறிவித்த விடையும் இதுவே. ஆனால் ஆகஸ்ட் 17 என்பதே சரி என்று உறுதியாக வாதாடியவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுக்கு மறுமொழியாக அமைப்பாளர்கள் தனியே விளக்கம் எழுத நேர்ந்தது. அவர்களை அவசரக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அவர்கள் வாதத்தைக் கேளுங்கள்: பெர்னார்ட்டுக்குத் தெரியாது என்று ஆகிவிட்டபடியால் அவனுடைய எண் 18-ம் அன்று, 19-ம் அன்று, அவ்விரண்டையும் நீக்கிவிட்டால் ஜூனில் 17 ஒன்றே மிஞ்சுகிறது, ஆல்பர்ட்டின் மாதம் ஜூனாக இருந்தால் அவனுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரியாது என்கிறான், ஆகவே ஜூனும் போயிற்று, இனி ஒரே ஒரு மாதத்தில் மட்டும் வருகிற எண் 17 தான், பெர்னார்ட் தெரிந்துவிட்டது என்று சொல்வதால் நாள் ஆகஸ்ட் 17. படிக்குப் படி குறை சொல்ல இடமில்லாத வாதம். இரு தரப்பும் ஒரே வாக்கியங்களைப் படித்தார்கள், ஒரே விதமாகத் தர்க்கித்தார்கள், ஆயினும் ஒரு மாதமும் ஒரு நாளும் தள்ளிப் போய் நின்றார்கள் என்றால், பிளவு எங்கோ மிகச் சூக்ஷ்மமான ஓரிடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும்.

அந்த இடம், பெர்னார்ட்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட் எப்படி அறிந்தான் என்ற கேள்வி. ஆகஸ்ட் கட்சியார், அந்தச் செய்தி எப்படியோ அவனுக்கு எட்டியது என்று எடுத்துக்கொண்டார்கள். பெர்னார்ட்டே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம், அல்லது அவன் முகத்தைப் பார்த்து ஆல்பர்ட் ஊகித்திருக்கலாம். அவ்வாறானால் 18, 19 என்ற இரண்டு நாட்கள் மட்டுமே விலகும். மேயும் ஜூனும் உயிரோடு இருக்கும். புதிர் அமைத்தவரோ, பெர்னார்ட் வாய் திறக்கும் முன்னரே, தன் மாதத்தைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லாமலே ஆல்பர்ட் அதை அறிந்தான் என்று கொண்டார். புதிரின் வாசகத்தில் அதற்கு முன் பேச்சு ஏதும் நிகழ்ந்ததாக இல்லாமையால் அவர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. பெர்னார்ட்டுக்குத் தெரியாது என்பது ஒரு செய்தி. அதை ஆல்பர்ட் தன்னிடமுள்ள மாதத்தைக் கொண்டே அறிவான் என்பது அதனினும் பெரிய மற்றொரு செய்தி. முன்னது பெர்னார்ட்டின் எண்ணைப் பற்றிச் சாட்சி சொல்லுகிறது. பின்னது ஆல்பர்ட்டின் மாதத்தைப் பற்றிச் சாட்சி சொல்லுகிறது.

நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் இந்த வழக்கை விசாரித்திருந்தால் வெகு சீக்கிரத்தில் தீர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏனெனில் ஓர் அறிவு உண்டு என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில், அது எந்தப் பிரமாணத்தால் உண்டாயிற்று என்று கேட்பது அவர்கள் வழக்கம். ஆகஸ்ட் 17 என்றவர்கள் ஆல்பர்ட்டின் அறிவைச் சப்தப் பிரமாணத்தால், அதாவது பிறர் வாய்ச்சொல்லால், வந்ததாகக் கொண்டார்கள். ஜூலை 16 என்றவர்கள் அனுமானத்தால் வந்ததாகக் கொண்டார்கள். மணிமேகலையின் 27-ஆவது காதையில், வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை காணும் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது பிரமாணங்களை, எடுத்துச் சொல்லுகிறான். காண்டலில் தொடங்கும் அந்த வரிசையில் அபாவமும் இடம்பெறுகிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவதுதான் அபாவம். பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் அனுபலப்தி என்று பெயரிட்டு இந்த இன்மையறிவைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். நையாயிகர்கள் அதற்குத் தனியிடம் தர மறுத்தார்கள். தரையில் குடம் இல்லை என்பதை நான் எப்படி அறிகிறேன்? இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. வாதத்தின் உயிர் அந்த "இருந்தால் பட்டிருக்கும்" என்ற நிபந்தனையில் இருக்கிறது. இருட்டறையில் குடம் தென்படாததைக் கொண்டு குடமே இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. ஷெரிலின் புதிர் அதே நிபந்தனையை மற்றொருவன் மனத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறது: பெர்னார்ட்டின் எண் 18 ஆக இருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். பார்க்கிற கண் பெர்னார்ட்டுடையது. அந்தக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் உண்டு, எவ்வளவு இருட்டு உண்டு என்று அளக்க வேண்டியவன் ஆல்பர்ட். அவன் சரியாக அளந்தானா என்று அளக்க வேண்டியவர்கள் நாம்.

பிறர் கண்ணைக் கடன் வாங்குவதில் உள்ள பெரிய சிரமம், நம் கண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான். 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் குழந்தைகளிடம் ஒரு கதை சொல்லப்படுகிறது. மாக்ஸி என்ற சிறுவன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி அதை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே சுட்டிக் காட்டுகிறார்கள். தாம் கண்டதை மாக்ஸி காணவில்லை என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் எப்போதோ அந்தச் சக்தி அவர்களுக்கு வந்துவிடுகிறது. பெற்றோர் யாரும் கற்றுக்கொடுக்காமல், எந்த நாளில் வந்தது என்று ஒருவரும் கவனிக்காமல் வந்துவிடுகிறது. மனிதன் பெறுகிற வரங்களில் இதனினும் பெரியதை நான் அறியேன். பொய் சொல்வதும் அதனாலேயே சாத்தியமாகிறது, பரிவு காட்டுவதும் அதனாலேயே சாத்தியமாகிறது.

வந்துவிட்டாலும் அது சுலபமாக நிற்பதில்லை. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நான்கு மாதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தேதிகளை வரிசையாக எழுதினாள். எடுத்த எடுப்பில் 18-ஐயும் 19-ஐயும் பென்சிலால் அடித்தாள். அடித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஆல்பர்ட்டுக்கு மாதம் மட்டும்தானே தெரியும்? 18-ஐ அடிக்க அவன் யார்?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் இடது உள்ளங்கையை விரித்துத் தேதிகளின் மேல் வைத்து மூடினாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்ற நான்கு பெயர்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆல்பர்ட்டின் உலகம் இப்போது அவள் முன்னால் இருந்தது. சற்றுப் பொறுத்து, கையை எடுக்காமலே, மே என்ற சொல்லையும் ஜூன் என்ற சொல்லையும் முழுசாகக் கோடிட்டு அடித்தாள். தான் கண்ணால் காண்பதைத் தானே மறைத்துக்கொண்டுதான் ஒருவன் இன்னொருவன் காண்பதைக் காண முடிகிறது.

இத்தகைய புதிர்களுக்கு வம்ச பரம்பரை உண்டு. 1913-இல் ராமானுஜனின் கடிதம் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தபோது ஹார்டி அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது லிட்டில்வுட்டிடம். அந்த லிட்டில்வுட் 1953-இல் வெளியிட்ட ஒரு கலவை நூலில் மூன்று சீமாட்டிகளின் கதை ஒன்று இருக்கிறது. மூவரும் ஒரு ரயில் பெட்டியில் பிரயாணம் செய்கிறார்கள்; மூவர் முகத்திலும் கறை; மூவரும் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். திடீரென்று முதலாமவள் சிரிப்பை நிறுத்துகிறாள். அவள் மனத்தில் ஓடியது இது: என் முகம் சுத்தமாக இருந்தால், மூன்றாமவள் சிரிப்பதைக் காணும் இரண்டாமவள், இவள் முதலாமவளைப் பார்த்துச் சிரிக்கக் காரணம் இல்லையே, அப்படியானால் என்னைப் பார்த்தல்லவா சிரிக்கிறாள் என்று உணர்ந்து தன் சிரிப்பை அடக்கியிருப்பாள், அவள் அடக்கவில்லை, ஆகையால் என் முகமும் சுத்தமாக இல்லை. கண்ணாடி இல்லாத இடத்தில், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே இருப்பது கண்ணாடியாகிறது.

இந்தக் கதைக்கு ஒரு தங்கை உண்டு. அவள் அக்காளை விட ஆழமானவள். விளையாடிவிட்டு வந்த குழந்தைகளுள் மூவர் நெற்றியில் சேறு. ஒவ்வொருவரும் பிறர் நெற்றியைக் காண்பார்கள், தம் நெற்றியைக் காணமாட்டார்கள். ஒருவர் நெற்றியைப் பற்றி ஒருவர் பேசவும் கூடாது. தகப்பனார் வந்து, "உங்களில் ஒருவர் நெற்றியிலாவது சேறு இருக்கிறது" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, "தன் நெற்றியில் சேறு உண்டு என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார். யாரும் பேசவில்லை. மறுபடி கேட்கிறார். மறுபடியும் மௌனம். மூன்றாம் முறை கேட்டதும் சேறு பூசிய மூவரும் ஏககாலத்தில் கையைத் தூக்குகிறார்கள். ஒரு நெற்றியில் மட்டும் சேறு இருந்திருந்தால், எதிரே ஒரு சேற்று நெற்றியையும் காணாத அந்தக் குழந்தை முதல் கேள்விக்கே எழுந்திருக்கும். இரு நெற்றிகளில் இருந்திருந்தால், முதல் மௌனத்தைக் கண்ட இருவரும், நான் காண்கிற அந்த ஒரு குழந்தை எழவில்லையே, அப்படியானால் அது என் நெற்றியில் சேற்றைக் கண்டிருக்கிறது என்று இரண்டாம் கேள்விக்கு எழுந்திருப்பார்கள். மூவர் என்றால் இரண்டு மௌனங்கள் கழிய வேண்டும்.

தர்க்கம் இத்தனை நேராக இருந்தாலும், ஒரு கேள்வி மட்டும் விலகாமல் நிற்கிறது. தகப்பனார் புதிதாக என்ன சொன்னார்? ஒருவர் நெற்றியிலாவது சேறு இருப்பது அவர் சொல்லும் முன்னரே ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு சேற்று நெற்றிகளைக் கண்ணாரக் கண்டுகொண்டுதான் நிற்கிறது. தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் அவர் அதைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் ஆயிரம் முறை கேட்டாலும் ஒரு குழந்தையும் எழாது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்லியதால் நேர்ந்த மாறுதல் என்ன? முன்பு ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அதற்கும் மேற்பட்ட படியில், எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதாவது எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டால், அங்கே சங்கிலி அறுந்திருந்தது. பிரகடனம் அந்தச் சங்கிலியை முடிவில்லாத தூரம் வரை ஒரே கணத்தில் கோத்துவிடுகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969-இல் சமூக வழக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த அறிவுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தார். 1976-இல் ராபர்ட் ஆமன் என்ற கணித அறிஞர் எழுதிய நான்கே பக்கக் கட்டுரை ஒன்று, ஒரே முன்னெண்ணத்திலிருந்து புறப்பட்ட இருவர், வெவ்வேறு செய்திகளைப் பெற்ற பின் ஒரு விஷயம் நிகழக்கூடும் என்பதற்குத் தாம் தரும் மதிப்பு இன்னது என்பதை இவ்விதமாகப் பரஸ்பரம் முழுமையாக அறிந்திருப்பார்களானால், அந்த இரு மதிப்புகளும் வேறுபட்டு நிற்க முடியாது என்று நிரூபித்தது. 2005-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஊரறிந்த ரகசியம் என்று நாம் சொல்வது பிரகடனத்துக்கு முந்தைய அந்த நிலையைத்தான். ஒரு வீட்டில் நடந்த ஒன்று தெருவில் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதும் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆயினும் கோயிலிலும் கடைத்தெருவிலும் அந்த வீட்டாரைச் சந்திக்கும்போது யாரும் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த மறைப்பில் ஒரு மரியாதை குடிகொண்டிருக்கிறது, இரு தரப்பும் அதன் நிழலில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. என்றாவது ஒரு நாள், ஒரு கல்யாணப் பந்தலில், யாரோ ஒருவர் அதை உரக்கச் சொல்லிவிடுகிறார். ஒருவருக்கும் புதிய செய்தி கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எவரும் எவரையும் பழையபடி பார்க்க முடிவதில்லை. சொன்னவர்மீது ஊர் கோபித்துக்கொள்வதற்குக் காரணம் அவர் சொன்னது பொய் என்பதன்று. அதுவரை தனித்தனியே இருந்த அறிவுகளை அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார் என்பதே. எதிரெதிர் மலைகளில் இருந்துகொண்டு, பிடிபடக்கூடிய தூதர்களை அனுப்பி, ஒரே சமயத்தில் தாக்க உடன்பட நினைக்கும் இரு தளபதிகளைப் பற்றிக் கணினி விஞ்ஞானிகள் சொல்லும் கதையும் இந்த உண்மையின் மறுபக்கமே. தூது கிடைத்தது என்பதற்கு ஒரு தூது, அது கிடைத்தது என்பதற்கு மற்றொரு தூது என்று எத்தனை அனுப்பினாலும், ஒரு சபையில் உரக்கச் சொன்ன ஒற்றைச் சொல்லால் விளைகிற அறிவு அவர்களுக்கு ஒருநாளும் விளையாது.

மௌனமும் தெரியாது என்ற சொல்லும் இவ்வளவு பேச வேண்டுமானால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். சேற்று நெற்றிக் குழந்தைகளுள் ஒன்று தூங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒன்றுக்குத் தர்க்கிக்கத் தெரியாது, ஒன்றுக்கு எழுந்து நிற்கக் கூச்சம். அந்த மௌனத்திலிருந்து மற்ற குழந்தைகள் எதையும் கொள்ள முடியாது. கொண்டால் தவறான முடிவுக்கே போவார்கள். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்; ஆட்டின் இறங்கிய சுற்றில் ஒருவர் ஆட்டின் இல்லாமல், துருப்பைத் திறக்கும்படியும் கேட்காமல், ஒரு கிளாவரை எடுத்துப் போடுகிறார் என்றால், அந்தக் கிளாவர் ஒரு முழு வாக்கியம்; எதிரே இருக்கும் கூட்டாளி அதைப் படித்து அடுத்த சீட்டை எடுக்கிறார். அதே இடத்தில் நேற்றுக் கற்றுக்கொண்டவர் ஒருவரை உட்கார வையுங்கள். சீட்டு அதே கிளாவர்தான், ஆனால் அது ஊமையாகிவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்களோடு ஆடத் தயங்குவதை நாம் கர்வம் என்று எண்ணுகிறோம். படிக்கப் பழகிய கண்ணுக்கு எழுத்துக் கலைந்துபோன வேதனை அது.

ஆல்பர்ட்டும் பெர்னார்ட்டும் ஒருவரையொருவர் எவ்வளவு மதித்தார்கள் என்பதை இங்கேதான் உணர்கிறேன். பெர்னார்ட், ஆல்பர்ட் சொன்னது மெய் என்று மட்டும் நம்பவில்லை. பத்து நாட்களையும் அவன் ஒன்று விடாமல் ஆராய்ந்த பிறகே சொல்லியிருக்கிறான் என்றும் நம்பினான். ஆல்பர்ட்டோ, பெர்னார்ட் தன்னை அவ்வாறு நம்பினான் என்று நம்பினான். மற்றவன் என்னைப் போலவே முழுமையாகச் சிந்திக்கிறவன் என்ற சமத்துவம் இல்லாவிட்டால் இந்த உரையாடலில் இரண்டாம் வாக்கியம் பிறந்தே இராது. தன்னைக் காட்டிலும் எதிராளி மூடன் என்று எண்ணுகிற ஒருவனுக்கு இந்தப் புதிரைத் தீர்க்கும் சக்தி கிடையாது. அவன் எவ்வளவு பெரிய கணிதப் புலியாக இருந்தாலும் சரி.

இந்த வகைப் புதிர்களில் என் மனத்தை முற்றிலும் கவர்ந்தது ஹான்ஸ் ஃப்ராய்டென்தால் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-இல் ஒரு டச்சுக் கணிதப் பத்திரிகையில் வெளியிட்டது. ஒன்றைவிடப் பெரிய, வெவ்வேறான இரண்டு முழு எண்கள். அவற்றின் கூட்டுத்தொகை 100-க்கு மேற்படாது. கூட்டுத்தொகை ஒருவருக்கும் பெருக்குத்தொகை மற்றொருவருக்கும் ரகசியமாகச் சொல்லப்படுகிறது. பெருக்குத்தொகை பெற்றவர் தமக்கு எண்கள் தெரியவில்லை என்கிறார்; கூட்டுத்தொகை பெற்றவர், உமக்குத் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரியும் என்கிறார்; உடனே முன்னவர், இப்போது தெரிந்துவிட்டது என்கிறார்; பின்னவரும், எனக்கும் தெரிந்துவிட்டது என்கிறார். எண்கள் 4, 13. பெருக்குத்தொகையான 52-ஐக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டே வழிகள்: 2-ம் 26-ம், அல்லது 4-ம் 13-ம். முதல் ஜோடியானால் கூட்டுத்தொகை 28. அது 5-ம் 23-ம் என்ற இரு பகா எண்களாகவும் பிரியும். அவ்வாறு பிரிந்தால் பெருக்குத்தொகை 115 ஆகி, அதைப் பெற்றவர் உடனே எண்களை அறிந்துவிடுவார். ஆகவே கையில் 28 இருக்கும் ஒருவர், உமக்குத் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரியும் என்று துணிந்து சொல்ல முடியாது. சொன்னார், ஆகவே 17. கூட்டுத்தொகை பெற்றவர் பக்கத்திலோ 17-ஐப் பிரிக்க ஏழு வழிகள் உண்டு; ஏழுக்கும் ஏழு பெருக்குத்தொகைகள். ஒவ்வொன்றையும் எடுத்து, இது அவர் கையில் இருந்தால் என் சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தெளிந்திருக்குமா என்று அவர் சோதித்தாக வேண்டும். 30 ஆக இருந்தால் தெளிந்திராது: 2, 15 என்றால் கூட்டுத்தொகை 17, 5, 6 என்றால் 11, இரண்டில் எது கையில் இருந்தாலும் ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். இப்படியே 42, 60, 66, 70, 72 எல்லாம் விழுந்து 52 மட்டும் நிற்கிறது.

ஆனால் அவர்கள் இருவரையும் விடக் கடினமான இடத்தில் இருப்பவர் வாசகர். ஒருவருக்குக் கூட்டுத்தொகையாவது கிடைத்தது, ஒருவருக்குப் பெருக்குத்தொகையாவது கிடைத்தது; வாசகரிடம் யாரும் ஒன்றையும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருவர் பேசியது மட்டுமே அவர் காதில் விழுந்தது. அதுவும் தெரியாது, தெரியும் என்ற இரண்டு சொற்கள். ஆயினும் அவர் விடையை அடைய முடியும். இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லத் தகுதி உள்ள கூட்டுத்தொகைகள் 11, 17, 23, 27, 29, 35, 37, 41, 47, 53 என்ற பத்தே என்று முதலில் அவர் காண வேண்டும். பிறகு அந்தப் பத்தில் ஒவ்வொன்றையும் அதற்குரிய ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெருக்குத்தொகையும் வேறு எந்தக் கூட்டுத்தொகையில் தலைகாட்டுகிறது என்று தேட வேண்டும். 17-இல் மட்டுமே ஒரே ஒரு ஜோடி தேறும். மற்ற ஒன்பதிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை தேறிவிடும். ஒரு மாலைப் பொழுதை முழுசாகக் கேட்கிற வேலை அது, கேட்டால் கொடுக்கலாம்.